மேசைக்கு வராத முடிவுகள்

மணலிப் பக்கம் போனால் சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் எரியும் சுடர் தூரத்திலேயே கண்ணில் படும். பக்கத்திலேயே ஓர் உரத் தொழிற்சாலை இருக்கிறது. முதலாவது சென்னை பெட்ரோலியம். மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 1965-ல் பதிவானது. இரண்டாவது 1966-ல் பதிவான மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். இரண்டையும் தொடங்கியது இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும். ஈரானின் அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிளைக்கு இன்றுவரை இரண்டிலும் பங்கு இருக்கிறது. இரண்டின் பங்குகளும் சந்தையில் வாங்கி விற்கப்படுகின்றன. இரண்டுக்கும் பொருந்துவது ஒரே கம்பெனிச் சட்டம்.

ஆனால் கணக்குப் புத்தகங்கள் வேறு வேறு கதை சொல்கின்றன. உரத் தொழிற்சாலை பல ஆண்டு நஷ்டத்தில் நிகர மதிப்பையே இழந்து, நலிவுற்ற நிறுவனங்களைக் கவனிக்கும் பி.ஐ.எஃப்.ஆர். அமைப்பு வரை போனது. சுத்திகரிப்பு ஆலை 2019-20-ல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டப்பட்டு, 2022-23-ல் 3,500 கோடிக்கு மேல் லாபம் பார்த்தது.

இதில் இயக்குநர் குழுவின், அதாவது போர்டின், பங்கு எவ்வளவு? உரத் தொழிற்சாலையின் போர்டு யூரியா விலையை ஒருநாளும் தீர்மானித்ததில்லை. 45 கிலோ மூட்டைக்கு 242 ரூபாய், வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சும் தனி என்பது டெல்லி வைத்த விலை. தயாரிப்புச் செலவுக்கும் இந்த விலைக்கும் நடுவில் இருக்கும் தொகை மானியமாக வரும். அது எவ்வளவு, எப்போது வரும் என்பதும் டெல்லியின் கையில்தான். மூலப்பொருளாக, கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் விலை அதிகமான நாஃப்தாவை நம்பியிருந்த ஆலை அது. 2019-ல் எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயுவை இறக்கும் எல்.என்.ஜி. முனையம் வந்து, குழாய் வழியே எரிவாயு கிடைத்தபோதுதான் அதிலிருந்து விடுபட்டது. பிந்தைய ஆண்டுகளில் லாபமும் காட்டியது. சுத்திகரிப்பு ஆலைக்கு வந்த ஏற்ற இறக்கமும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததுதான். 2020 மார்ச்சில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது கையிருப்பின் மதிப்பு கரைந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு உலகம் முழுக்கச் சுத்திகரிப்பு லாபம் எகிறியது. மூன்று ஆண்டில் வந்த 5,500 கோடி ரூபாய்க்கும் மேலான வித்தியாசத்தை எந்த இயக்குநரின் பெயரிலும் எழுத முடியாது.

‘நல்ல போர்டு இருந்தால் அரசு நிறுவனம் லாபம் ஈட்டும்’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. லாபத்தை நிர்ணயிக்கும் முடிவுகளில் எத்தனை போர்டின் மேசைக்கு வருகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். வந்த முடிவுகளை அவர்கள் எப்படி எடுத்தார்கள் என்பது அதற்கு அடுத்த கேள்வி. சென்னையிலிருந்து இயங்கும் அரசு நிறுவனங்களைப் பார்த்தால் இந்த இரண்டு கேள்விகளையும் நாம் எப்போதும் போட்டுக் குழப்பிக்கொள்வது தெரியும்.

யார் உட்காருகிறார்கள்

சட்டப்படி 51 சதவீதமோ அதற்கு மேலோ அரசிடம் இருந்தால் அது அரசு கம்பெனி. மற்ற கம்பெனிகளைப் போலவே இங்கும் ஆண்டுக்கு குறைந்தது நான்கு போர்டு கூட்டங்கள் நடக்க வேண்டும். ஒவ்வொரு இயக்குநரும் கம்பெனியின் நலனுக்காக நேர்மையோடும் கவனத்தோடும் செயல்பட வேண்டும் என்று 166-வது பிரிவு சொல்கிறது. தணிக்கையாளரை நியமிப்பது மட்டும் வேறு மாதிரி. அதை அரசுக் கணக்குகளின் தலைமைத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி. செய்வார். கணக்கு முடிந்த பிறகு அவரது அலுவலகம் துணைத் தணிக்கையும் செய்யும்.

மத்திய அரசு நிறுவனங்களில் தலைவரையும் முழுநேர இயக்குநர்களையும் பொதுத் துறை நிறுவனத் தேர்வு வாரியம் பரிந்துரைக்கும். அமைச்சரவையின் நியமனக் குழு ஒப்புதல் தர வேண்டும். அரசு தரப்பில் இரண்டு பேருக்கு மேல் போர்டில் இருக்கக் கூடாது என்பது விதி. நம் மாநில அரசுக் கழகங்களில் நிலைமை வேறு. துறைச் செயலாளர், நிதித் துறையிலிருந்து ஒருவர், தொடர்புள்ள இன்னொரு துறையிலிருந்து ஒருவர், நிர்வாக இயக்குநராக ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி என்று மேசையைச் சுற்றி பெரும்பாலும் கோட்டையே உட்கார்ந்திருக்கும். நிதித் துறையிலிருந்து வருபவர் அதே மாதத்தில் இன்னும் பல கழகங்களின் கூட்டங்களுக்கும் போக வேண்டியவர்.

இதை முதன்முதலில் பக்கத்திலிருந்து பார்த்தது ஆர்ட்டிகிள்ஷிப் நாட்களில். மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சியில் இருந்தேன். ஒரு மாநில அரசுக் கழகத்தின் போர்டு கூட்டங்களைப் பதிவு செய்யும் மினிட்ஸ் புத்தகத்தைப் படித்து, கணக்கோடு தொடர்புள்ள தீர்மானங்களைக் குறித்துக் கொடுக்கும் வேலை. தடித்த புத்தகம், அழகான தட்டச்சு. முக்கியமான விஷயம் வரும் இடத்திலெல்லாம் ஒரே வாசகம்: அரசாணையை போர்டு பதிவு செய்துகொண்டது. விலை மாற்றம், சம்பள ஒப்பந்தம், இன்னொரு கழகத்துக்குக் கொடுத்த கடன் எல்லாமே அப்படித்தான். விவாதம் நடந்ததற்கான தடம் வேறு இடங்களில் இருந்தது. கார் வாடகை, கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது, ஓர் ஊழியரின் மேல்முறையீடு. அந்த அதிகாரிகள் திறமை இல்லாதவர்கள் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. கோட்டையில் ஏற்கெனவே கையெழுத்தான கோப்பு மறுபடி அவர்களிடமே வந்தால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

ஆய்வுகள் எவ்வளவு சொல்லும்

இயக்குநர் குழுவுக்கும் லாபத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். போர்டு சிறியதா பெரியதா, வெளியிலிருந்து வரும் சுயேச்சை இயக்குநர்கள் எத்தனை பேர், தலைவரும் நிர்வாக இயக்குநரும் ஒரே ஆளா என்றெல்லாம் அளந்து லாபத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அதற்கு ஒரு காரணத்தை பெஞ்சமின் ஹெர்மலினும் மைக்கேல் வைஸ்பாக்கும் 1980-களிலேயே காட்டினார்கள். ஒரு கம்பெனி மோசமாகப் போகும்போதுதான் வெளியாட்களை போர்டுக்குள் கொண்டுவருகிறார்கள். அந்த நேரத்தில் அளந்து பார்த்தால் வெளியாட்கள் அதிகமுள்ள கம்பெனி நஷ்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். காய்ச்சல் வந்த வீட்டில் டாக்டரைப் பார்த்துவிட்டு, டாக்டரால்தான் காய்ச்சல் என்று சொல்வது போன்ற பிழை அது.

அரசு நிறுவனங்களைப் பற்றி இரண்டு ஆய்வுகளை நான் பெரிதாக மதிக்கிறேன். 2007-ல் ஃபேன், வாங், ஜாங் மூவரும் பகுதி தனியார்மயமான சுமார் 790 சீன நிறுவனங்களை எடுத்துக்கொண்டார்கள். கால் பங்குக்கு மேற்பட்டவற்றில் தலைமை அதிகாரி இந்நாள் அல்லது முன்னாள் அரசு அதிகாரி. பங்கு வெளியீட்டுக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த நிறுவனங்களின் பங்குகள் மற்றவற்றைவிட கிட்டத்தட்ட 18 சதவீதம் பின்தங்கின. அவற்றின் போர்டுகளிலும் தொழில் தெரிந்தவர்கள் குறைவு, அதிகாரிகள் அதிகம்.

இன்னொன்று இந்தியாவைப் பற்றியது. நந்தினி குப்தா 2005-ல் வெளியிட்டார். அரசு கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்காமல் கொஞ்சம் பங்கை மட்டும் சந்தையில் விற்றாலே நிறுவனத்தின் லாபமும் உற்பத்தித்திறனும் கூடுகின்றன என்பது அவர் கண்டது. சந்தையில் தினமும் ஒரு விலை தெரிகிறது. யாரோ கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய அந்தக் கட்டாயம் போர்டு அறைக்குள்ளும் வந்துவிடுகிறது. கிண்டியில் தலைமையகம் உள்ள, தமிழ்நாடு அரசு தொடங்கிய காகித நிறுவனமான டி.என்.பி.எல்., ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் தலைமையிலேயே பல காலமாகக் கரும்புச் சக்கையில் காகிதம் செய்து தாக்குப்பிடிப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். காகித விலையைச் சந்தை தீர்மானிக்கிறது, பங்கும் சந்தையில் இருக்கிறது.

பஸ்ஸும் கரண்ட்டும்

சென்னைவாசிக்கு மிக நெருக்கமான அரசு நிறுவனம் மாநகர் போக்குவரத்துக் கழகம்தான். 1972-ல் பல்லவனாகத் தொடங்கியது. மூத்தவர்கள் பலர் இன்னும் பல்லவன் பஸ் என்றுதான் சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், அரசு பஸ் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்று இருந்தது. ‘நிர்வாகம் சரியில்லை’ என்று பலரும் உடனே சொன்னார்கள்.

ஒரு பஸ் கம்பெனியின் லாபத்தைத் தீர்மானிப்பவை எவை? முதலில் கட்டணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-வது பிரிவுப்படி அது அரசின் அதிகாரம். 2011 நவம்பருக்குப் பிறகு கட்டணம் ஏறியது 2018 ஜனவரியில்தான். அதிலும் எதிர்ப்பு வந்து சில நாட்களிலேயே ஒரு பகுதி குறைக்கப்பட்டது. இந்த ஆறு ஆண்டுகளில் டீசல் என்ன விலைக்குப் போனது, எந்த விலைக்கு இறங்கியது என்பதற்கெல்லாம் கட்டணத்தோடு தொடர்பே இல்லை. இரண்டாவது சம்பளம். 12(3) ஒப்பந்தம் என்று செய்தியில் வருமே, அதை அமைச்சரும் தொழிற்சங்கங்களும் பேசி முடிப்பார்கள். எந்தப் பேட்டைக்கு பஸ் விட வேண்டும் என்பதில் எம்.எல்.ஏ. முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் நியாயமான குரல் உண்டு. புது பஸ் வாங்குவதற்கும் அரசின் பணமோ, அரசு ஏற்பாட்டில் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி தரும் கடனோ வர வேண்டும்.

மிஞ்சுவது என்ன? ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை பஸ் பழுதாகி நிற்கிறது, உதிரிபாகம் எவ்வளவு கிடங்கில் தூங்குகிறது, டிப்போ நிலத்தை என்ன செய்வது. இவைதான் போர்டின் கையில் உண்மையாக இருப்பவை. அதில் டீசல் சிக்கனத்துக்குத் தமிழக அரசு போக்குவரத்துக் கழகங்கள் தேசிய அளவில் விருது வாங்கியிருக்கின்றன. தன் கையில் விடப்பட்ட வேலையை நன்றாகச் செய்த நிறுவனம், தன் கையில் இல்லாத கட்டணத்துக்காகத் திட்டு வாங்குகிறது. எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாகவே இருக்கிறது. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் திட்டு வாங்கும் ஒரு நிறுவனத்துக்கு நல்ல மெக்கானிக்கும் நல்ல நிர்வாகியும் எவ்வளவு நாள் உழைப்பார்கள்?

மின்சாரத்தில் இதே கதை பல மடங்கு பெரிது. 2010 நவம்பர் 1-ல் மின்வாரியம் பிரிந்து, மின் உற்பத்தியையும் பகிர்மானத்தையும் கவனிக்கும் டான்ஜெட்கோ உருவானது. கட்டணத்தை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும். ஆனால் செலவுக் கணக்கைக் காட்டி மனு போட வேண்டியது கம்பெனி. அதாவது மனு போடுவது போர்டின் பொறுப்பு. 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் 10 வரை கட்டணம் மாறவே இல்லை. நடுவில் நிலக்கரி விலை ஏறியது, வட்டிச் சுமை ஏறியது, 2016 மே மாதம் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் வந்தது. 2017 ஜனவரியில், மின் கம்பெனிகளின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மாநில அரசு 22,815 கோடி ரூபாய்க் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அதற்கு அப்புறமும் திரண்ட நஷ்டம் ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது.

எட்டு ஆண்டு கட்டணத்தை மாற்றாமலிருந்தது யாருடைய முடிவு என்று மினிட்ஸைப் புரட்டினால் பதில் கிடைக்காது. போர்டில் எரிசக்தித் துறைச் செயலாளரும் நிதித் துறைச் செயலாளரும் இருந்தார்கள். உரிமையாளரின் ஆட்களும் இயக்குநர்களும் அவர்களேதான். ஒருவரிடம் இரண்டு தொப்பிகள் இருக்கும்போது எதைப் போட்டுக்கொண்டு பேசினார் என்று எழுதி வைப்பதில்லை. ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கொர்னாய் இதன் பின்விளைவுக்கு ஒரு பெயர் வைத்தார்: மென்மையான பட்ஜெட் கட்டுப்பாடு. எவ்வளவு நஷ்டம் வந்தாலும் கடைசியில் அரசு தாங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், நஷ்டத்தைத் தடுக்கும் கஷ்டமான முடிவை யாரும் எடுக்க மாட்டார்கள். கடன் கொடுக்கும் வங்கியும் கேள்வி கேட்காது.

அதிகாரம் இருந்தும் பார்க்காத போர்டு

இதுவரை சொன்னதைப் படித்தால், போர்டுகள் எல்லாம் பாவம், பழியெல்லாம் அரசுக்குத்தான் என்று தோன்றும். அப்படி விட்டுவிட முடியாது. சென்னையில் தலைமையகம் உள்ள இரண்டு பொதுத் துறை வங்கிகள் மறுபக்கத்தைக் காட்டுகின்றன.

யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை எந்த அரசாணையும் சொல்வதில்லை. அது வங்கியின் முடிவு, பெரிய கடன் என்றால் போர்டின் முடிவு. 1995-96-ல் இந்தியன் வங்கி 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. அன்றைய கணக்கில் அது நாடே அதிர்ந்த தொகை. அப்போதும் சட்டப்படி ஒவ்வொரு தேசியமயமான வங்கியின் போர்டிலும் மத்திய அரசின் பிரதிநிதி ஒருவரும் ரிசர்வ் வங்கியின் பிரதிநிதி ஒருவரும் உண்டு. கண்காணிக்க வேண்டிய இரண்டு அமைப்புகளின் ஆட்களும் அதே அறையில் இருந்தார்கள். கடன் கெட்டுப்போவது கெட்டுப்போய்க்கொண்டேதான் இருந்தது. ரிசர்வ் வங்கியின் ஆளே உட்கார்ந்திருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று மற்ற இயக்குநர்கள் நினைப்பதும், போர்டே ஒப்புக்கொண்ட கடனை அப்புறம் வெளியிலிருந்து குறை சொல்ல முடியாமல் அந்தப் பிரதிநிதி தவிப்பதும் நடக்கக்கூடியவை. பின்னர் அரசு மூலதனம் போட்டது. நஷ்டக் கிளைகள் மூடப்பட்டன, விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 2000-ல் பொறுப்பேற்ற ரஞ்சனா குமார் காலத்தில் வங்கி மறுபடி லாபத்துக்கு வந்தது.

அண்ணா சாலையில் இருக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு இருபது ஆண்டுகள் கழித்து அதே நோய். 2015 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அதை உடனடிச் சீர்திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தது. 2019-20-ல் மட்டும் நஷ்டம் 8,527 கோடி. அடுத்த ஆண்டு 831 கோடி லாபம், 2021 செப்டம்பரில் கட்டுப்பாடு நீங்கியது. கடன் கொடுப்பதற்கு வெளியிலிருந்து கடிவாளம் போட்ட பிறகு நடந்த மீட்சி இது. போர்டு தானே போட்டிருக்க வேண்டிய கடிவாளம்.

போர்டுகள் எதில் நேரத்தைச் செலவிட்டன என்று 2014-ல் பி.ஜே.நாயக் தலைமையிலான குழு ரிசர்வ் வங்கிக்காக ஆராய்ந்தது. பொதுத் துறை வங்கிகளின் கூட்டங்களில் தொழில் உத்திக்கும் ரிஸ்க்குக்கும் கிடைத்த கவனம் போதவில்லை என்று அது சொன்னது. ஒரு வங்கியில் டாக்சி கட்டணத்தைத் திருப்பித் தரும் கொள்கைக்குக் கிடைத்த அதே இடம்தான் வாராக்கடன் வசூல் கொள்கைக்கும் கிடைத்திருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பழைய மினிட்ஸ் புத்தகம் ஞாபகம் வந்தது. பெரிய விஷயம் நம் கையில் இல்லை என்று பழகிப்போன மேசை, பெரிய விஷயம் வரும்போதும் சின்ன விஷயத்தையே பேசும்.

டைட்டன் மேசை

எல்லாவற்றையும்விட எனக்குப் பாடமாக இருப்பது டைட்டன். 1984-ல் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்து தொடங்கியது, ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை. இன்றும் டைட்டனின் மிகப் பெரிய பங்குதாரர் டிட்கோதான், 27.88 சதவீதம். டாட்டா தரப்பிடம் 25 சதவீதத்தை ஒட்டி. டைட்டனின் தனிஷ்க் கடைக்கு நகை வாங்கப் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. அதன் போர்டுக்குத் தலைவராக டிட்கோ நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி இருப்பார். அதே அதிகாரி இன்னொரு மதியம் ஓர் அரசுக் கழகத்தின் போர்டிலும் உட்காருவார். ஒரு மேசையில் ஆண்டுக்கு 3,000 கோடிக்கு மேல் லாபம், இன்னொரு மேசையில் நஷ்டம். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, சம்பளம் மாறவில்லை.

மாறியது அந்த மேசையின் விதிகள். அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் இது அரசு கம்பெனி ஆகாது. சி.ஏ.ஜி. தணிக்கைப் பத்தியும் விஜிலென்ஸ் விசாரணையும் ஒவ்வொரு முடிவின் பின்னாலும் நிற்பதில்லை. அரசுக் கழகத்தில் ஓர் அதிகாரி துணிந்து எடுத்த நல்ல முடிவு பத்தில் ஒன்று தவறிப்போனால் அந்த ஒன்றுக்காக ஓய்வுக்குப் பிறகும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முடிவே எடுக்காதவரை யாரும் கேட்பதில்லை. அடுத்தது, எதிரில் ஏறக்குறைய சம பலத்தில் இன்னொரு பங்குதாரர். கோட்டையிலிருந்து ஒரு போன் வந்தால் அவர் ஏன் என்று கேட்பார்.

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். 2002 வரை செர்க்சஸ் தேசாய், 2002 முதல் 2019 வரை பாஸ்கர் பட், பிறகு 2025 வரை சி.கே.வெங்கட்ராமன். நாற்பது ஆண்டில் நிர்வாக இயக்குநராக மூன்று பேர். தனிஷ்க்கின் ஆரம்ப நஷ்டத்தைத் தாங்கி, திருத்தி, காத்திருக்க அந்த போர்டுக்கும் நிர்வாகத்துக்கும் நேரம் இருந்தது. மாநிலக் கழகத்தில் ஒன்று இரண்டு ஆண்டுகளில் இடமாற்றம் வந்துவிடும். வந்தவர் ஆலையைப் புரிந்துகொள்ளவே ஆறு மாதம் ஆகும். ஐந்து ஆண்டில் பலன் தரும் முதலீட்டை முன்மொழிந்தால் பலனைப் பார்க்க அவர் இருக்க மாட்டார், கேள்விகள் மட்டும் அவரைத் தேடி வரும்.

உரிமையாளருக்குப் பணம் தேவைப்படும்போது

போர்டின் முடிவு போலத் தெரியும், ஆனால் உரிமையாளரின் முடிவாக இருக்கும் இன்னொரு வகை உண்டு. 2013-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளை மத்திய அரசு விற்க முனைந்தபோது தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். வெளியாருக்கு விற்கக் கூடாது, நாங்களே வாங்குகிறோம் என்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் மாநில அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 சதவீதப் பங்கை சுமார் 358 கோடி ரூபாய்க்கு வாங்கின. அரசியல் முடிவாக அது சரியென்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் தொழிற்பேட்டைக்கும் தொழிற்கடனுக்கும் என்று அமைந்த நிறுவனங்கள் சுரங்கப் பங்கு வாங்க வேண்டும் என்பது அவற்றின் போர்டில் பிறந்த யோசனை இல்லை.

2020 மார்ச்சில் சென்னைத் துறைமுகம் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசுக்கு இருந்த 67 சதவீதப் பங்கை சுமார் 2,383 கோடிக்கு வாங்கியது. நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் எண்ணூருக்கு விட்டுக்கொடுத்திருந்த துறைமுகம் அது. இரண்டும் ஒரே கையில் இருப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் பணம் போனது பங்கு விற்பனைக் கணக்கில் மத்திய அரசின் கருவூலத்துக்கு. வாங்கியவரும் அரசு, விற்றவரும் அரசு. அப்படிப்பட்ட பேரத்தில் விலை அதிகம் என்று சொல்ல வாங்கும் போர்டில் ஒரு சுயேச்சையான குரல் தேவை.

அந்தக் குரலுக்கான நாற்காலிகள் அடிக்கடி காலியாகவே கிடக்கின்றன. பங்குச் சந்தையில் உள்ள அரசு நிறுவனங்கள் போதிய சுயேச்சை இயக்குநர்கள் இல்லாததற்காகச் சந்தைகளிடம் அபராத நோட்டீஸ் வாங்குவது வழக்கமாகிவிட்டது. இந்தியன் ஆயில், ஓ.என்.ஜி.சி., கெயில் போன்ற பெரிய பெயர்களும் இதில் உண்டு. நாளொன்றுக்கு 5,000 ரூபாய். இயக்குநரை நியமிப்பது அரசு, எங்கள் கையில் இல்லை என்பது நிறுவனங்களின் பதில். அந்தப் பதில் உண்மைதான். ஆண்டறிக்கையில் நிறுவன ஆளுகை பற்றிய பகுதியில் ஓர் அட்டவணை இருக்கும். யார் எத்தனை கூட்டத்துக்கு வந்தார்கள், யார் எந்த மாதம் சேர்ந்து எந்த மாதம் போனார்கள் என்று. பங்கு வைத்திருப்பவர்கள் லாபத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தாண்டிப்போகாமல் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

எழுதிக் கொடுங்கள்

சரி, வெளியூரில் எப்படிச் செய்கிறார்கள்? சிங்கப்பூர் 1974-ல் தெமாசெக் என்ற நிறுவனத்தை அமைத்து அரசின் 35 கம்பெனிகளை அதனிடம் ஒப்படைத்தது. பங்கு தெமாசெக்கிடம், தொழில் முடிவு அந்தந்த போர்டிடம். எல்லோரும் அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது. எதிர்க்கட்சியும் தேர்தலும் பஸ் கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்காது, இருக்கவும் கூடாது.

எனக்குப் பிடித்தது நியூசிலாந்தின் 1986 சட்டம். அமைச்சர் அரசு நிறுவனத்துக்கு உத்தரவிடலாம். ஆனால் எழுத்தில் தர வேண்டும், அந்த எழுத்தை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். லாபம் தராத ஒரு சேவையைச் செய்யச் சொன்னால் அதற்கான பணத்தை அரசு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்க வேண்டும். இதில் அரசியலை யாரும் வெளியேற்றவில்லை. அரசியல் முடிவுக்கு அரசியல்வாதி கையெழுத்துப் போடுகிறார், மிச்சத்துக்கு போர்டு பதில் சொல்கிறது.

இதன் ஒரு துண்டு நம்மிடமும் இருக்கிறது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதற்கான தொகையை பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கிக் கழகங்களுக்கு அரசு தருகிறது, ஆரம்பத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி என்று. பல்லாவரத்திலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பயணத்துக்கு அரசு பணம் கொடுக்கிறது, அது கணக்கில் வருமானமாக ஏறுகிறது. அந்தத் தொகை போதுமா என்று சட்டமன்றத்தில் கேட்கலாம், கேட்கிறார்கள். கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருந்த ஆறு ஆண்டுகளில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அப்படிக் கேட்க வழி இருக்கவில்லை. மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவும் இதையே சொல்கிறது: மாநில அரசு யாருக்காவது சலுகை தர விரும்பினால் அந்தத் தொகையை முன்கூட்டியே தர வேண்டும்.

2022 ஆணையில் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சூத்திரத்தையும் வைத்தது. ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் மாறும், அதிகபட்சம் 6 சதவீதம். வீட்டு இணைப்புகளுக்கு அந்த உயர்வு வேண்டாம் என்று அரசு சொன்ன ஆண்டில், வேண்டாம் என்றதற்கான தொகையை மானியமாகத் தருவதாகவும் சொன்னது. எட்டு ஆண்டு எழுதப்படாமல் கிடந்த முடிவு இப்போது ஆண்டுக்கொரு முறை எழுத்தில் வருகிறது. 2024-ல் டான்ஜெட்கோ மின் பகிர்மானம், மின் உற்பத்தி, பசுமை எரிசக்தி என்று மூன்று கம்பெனிகளாகப் பிரிந்துவிட்டது. சூத்திரத்தின் காலம் 2026-27-உடன் முடிகிறது. அதற்கு அடுத்த காலத்துக்கான மனுவைத் தயாரித்து, நாள் தவறாமல் ஆணையத்தில் போட வேண்டிய வேலை பகிர்மானக் கழகத்தின் போர்டுடையது.